எடை குறைக்கும் மருந்தும் ஏழையின் காப்புறுதியும்

ஒரு நாட்டின் மருத்துவ சேவை எத்தகையது என்பதை அந்நாட்டுத் தலைநகரின் தனியார் வைத்தியசாலைகளைக் கொண்டு அளவிடுதல் தவறாகும். பேசாலையில் வலை இழுப்பவனுக்கும், வங்காலையில் கருவாடு உலர்த்துபவளுக்கும், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்பவனுக்கும் அச்சேவை எதனை வழங்குகின்றது என்பதே தக்க அளவுகோலாகும். உலகெங்கும் இன்று பேசப்படுகின்ற எடை குறைக்கும் மருந்துகளையும் அவற்றுக்கான காப்புறுதியையும் இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மருந்துகளுள் முதன்மையானது செமாகுளுட்டைட். குடலிற் சுரக்கும் ஓர் ஓமோனின் தொழிலை ஒத்து, இது பசியைத் தணிக்கின்றது. இன்சுலின் சுரப்பைத் தூண்டுகின்றது. வாரம் ஒருமுறை ஊசியாக ஏற்றப்படும் இம்மருந்துக்கு அமெரிக்காவில் 'ஒசெம்பிக்' என்ற பெயரில் 2017ஆம் ஆண்டு நீரிழிவுக்கும், 'வீகோவி' என்ற பெயரில் 2021ஆம் ஆண்டு உடற்பருமனுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், 68 வாரங்களில் நோயாளரின் எடை சராசரியாக ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. இருதய நோயும் மிகை எடையும் உடைய 17,604 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பிறிதோர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோய் மரணம் ஆகியன 20 சதவீதம் குறைந்தன. குமட்டல், வாந்தி முதலிய பக்க விளைவுகள் உண்டாதலின் வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது. எனினும், இதனை அழகுசாதனப் பொருள்களின் வரிசையில் வைத்துப் பேசுவது அறியாமையின் பாற்பட்டதாகும்.

'வாயைக் கட்டினால் வருத்தம் தானே போய்விடும். இதற்கு மருந்து எதற்கு?' என வினவுவோர் நம்மிடையே உளர். உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்பும் வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால், நோயை நோயாளியின் ஒழுக்கக் குறைபாடாக்கிவிட்டு மருந்து வழங்கும் கடமையிலிருந்து நழுவுவதை ஏற்பதற்கில்லை. 2018–2019 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வயதுவந்தோருள் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இத்துணைப் பேரும் பெருந்தீனிக்காரரோ? ஆசிய மக்களுக்குக் குறைந்த உடற்றிணிவுச் சுட்டியிலேயே ஆபத்துத் தொடங்குகின்றது என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 என்னும் தாழ்ந்த அளவுகளை நமக்கென முன்வைத்தது. மேலும், 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர், வளர்ந்தபின் குருதியிற் சீனியைச் சீராகப் பேண இயலாது இடர்ப்பட்டதாக ஆய்வாளர் கண்டனர். போரினாலும் இடப்பெயர்வாலும் பட்டினியை அறிந்த மன்னார் மக்களை நோக்கி 'நீ உண்டு கொழுத்தாய்' என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

இனி, காப்புறுதியே இதற்குத் தீர்வு என்போரின் வாதத்தை நோக்குவோம். காப்புறுதியின் தாயகம் எனத்தக்க அமெரிக்காவின் அனுபவமே இவ்வாதத்தைத் தகர்க்கப் போதுமானது. அங்கு முதியோர்க்கான அரச மருந்துக் காப்புறுதியை உருவாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், எடை குறைப்பு மருந்துகளை அதிலிருந்து விலக்கியது. வட கரோலினா மாநிலம் தன் ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் உரிய காப்புறுதித் திட்டத்தில் இம்மருந்துகளைச் சேர்த்திருந்தது. செலவு தாங்காமையால், எடை குறைப்புக்கென அவற்றை வழங்குவதை 2024 ஏப்ரலில் நிறுத்தியது. மருந்தை நிறுத்தியோர், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டிற்குள் மீளப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. நோயோ நாட்பட்டது, காப்புறுதி ஒப்பந்தமோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. இவ்விரண்டும் மோதும்போது தோற்பவன் நோயாளியே.

நம் நாட்டிலும் அரச உத்தியோகத்தர்க்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. அதனை நிருவகிக்கும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. தனியார் கம்பனிகளின் காப்புறுதி, தவணைப் பணம் செலுத்த வல்லாருக்கு உரியது. தலைமன்னாரில் அன்றாடம் கடலுக்குப் போய் அன்றைய மீனுக்கேற்ற பணத்துடன் கரை திரும்புபவன் இவ்விரு வகையினுள்ளும் அடங்கான். காப்புறுதியின் வழியே இம்மருந்தைக் கொண்டுவருதல், சம்பளம் பெறுவோர்க்கு ஊசியும் ஏனையோர்க்கு உபதேசமும் வழங்குவதில் முடியும்.

உண்மையில், இங்கு ஆராயப்பட வேண்டியது மருந்தின் விலையாகும். 2021இல் வீகோவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் ஒரு மாதப் பட்டியல் விலை ஏறத்தாழ 1,350 டொலர். ஆனால், 2024இல் வெளியான ஆய்வொன்று, செமாகுளுட்டைட்டை ஒரு மாதத்துக்கு 5 டொலருக்கும் குறைந்த செலவில் உற்பத்தி செய்து வழங்கவியலும் என மதிப்பிட்டது. இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட பெரும் பள்ளத்தைத் தோண்டியது காப்புரிமை என்னும் ஏகபோகமேயன்றி வேறில்லை. அவ்வேகபோகமும் நிலையானதன்று, இந்தியாவில் இம்மருந்தின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவுறுவதாகும். தலைமன்னாரிலிருந்து ஒரு சிறு கடல் தாண்டினால் இந்தியா.

இவ்வேளையிற் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்குத் தலைமை தாங்கிய அவர், வணிகப் பெயர்களை நீக்கி மருந்தின் இயற்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்யும் கொள்கையை வகுத்தார். பல்தேசியக் கம்பனிகளின் எதிர்ப்புக்கிடையே இச்சிறு நாடு அன்று காட்டிய வழி உலகின் கவனத்தை ஈர்த்தது. அவ்வழியை இன்று இம்மருந்துக்குப் பின்பற்றத் தடை யாது?

'2022இல் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு நிலவிய நாட்டுக்கு இது ஆடம்பரமன்றோ?' என்னும் கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறியேயாக வேண்டும். வணிகப் பெயருக்குரிய விலையில் இதனை வாங்குமாறு எவரும் கோரவில்லை. இயற்பெயர் மருந்து மலிவாகக் கிடைக்கும்போது, வேண்டுவோர் அனைவருக்குமன்றி, மிகத் தேவையுடையோருக்கு முதலில் வழங்குக என்பதே கோரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இம்மருந்து வகையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தபோது, நீரிழிவும் உடற்பருமனும், அவற்றுடன் இருதய நோய் அல்லது நாட்பட்ட சிறுநீரக நோயும் உடையோரையே சுட்டியது. அதுவே நமக்கும் தொடக்கமாக அமையலாம். ஒவ்வொரு தொகுதியின் தரத்தையும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை சோதித்தறிதல் வேண்டும். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு 2023இல் அம்பலமானமை மறக்கத்தக்கதன்று. ஊசியைக் குளிரிற் பேணவேண்டுமெனில், இன்சுலினைக் குளிரூட்டி வைத்து இலவசமாக வழங்கும் கிளினிக்குகள் ஏலவே நம்மிடம் உள்ளன.

ஆகவே, காப்புறுதி அட்டையைக் காட்டி மருந்து பெறும் முறையை நம்மீது சுமத்த வேண்டாம். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருந்து கொடுக்கும் யன்னலில், வைத்தியர் எழுதிய துண்டை மட்டும் காட்டி இம்மருந்தைப் பெறும் நிலை வேண்டும். இலவசக் கல்வியினாற் பல்கலைக்கழகம் புகுந்த நாம், இலவச மருத்துவம் சிறிது சிறிதாகக் காப்புறுதிக்குக் கைமாறுவதைப் பார்த்திருத்தல் தகாது. மருத்துவ பீட மாணவர் மருந்தின் குணத்தை ஆராயட்டும். அதன் விலையை ஆராய்ந்து மக்கள் முன் வைக்கும் பணி கலைப்பீடத்தினராகிய நமக்கும் உரியது.