“புரிந்ததா?” என்று கேட்டுப் பயனில்லை

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை நான் ஏற்று நடத்தத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன பெற்றோர் கூட்டத்தில் ஓர் அன்பர், “ஸார், இன்னும் ஏழாம் பாடத்திலேயே நிற்கிறீர்களே, ஆண்டு விழாவுக்குள் புத்தகம் முடியுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நேரமில்லாமல் மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் வாத்தியார் தொழில் படித்தவனில்லை. டிப்ளமா முடித்து 1983இல் ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் தண்டவாளத்தோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஆனால் கேங்மேன்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அகலப்பாதையில் தண்டவாளம் உடைந்திருந்தால், வருகிற வண்டியை நிறுத்த 600 மீட்டரில் ஒரு பட்டாசும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று பட்டாசும் தண்டவாளத்தின் மேல் வைக்கவேண்டும். (பட்டாசு என்றால் தீபாவளிப் பட்டாசு அல்ல, டெட்டனேட்டர். சக்கரம் ஏறினால் வெடிக்கும். டிரைவர் காதில் விழும்.) வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் ஓட்டை இந்தியில் இதை இருபது பேருக்கு விளக்கிவிட்டு “சமஜ் கயே?” என்றேன். “ஹான் ஸாப்!” என்று ஒரே குரலில் பதில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மேலதிகாரி பழைய காலத்து மனிதர். “லைனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராக வைத்துக் காட்டச் சொல்லு” என்றார். முதல் ஆள் மூன்றையும் 600 மீட்டரிலேயே வைத்தான். அடுத்தவன் அவனைப் பார்த்து அப்படியே வைத்தான். இருபது பேரில் சரியாகச் செய்தவர்கள் நாலு பேர். “ஹான் ஸாப்” என்பதற்கு, “வெயில் ஏறுகிறது, எங்களை விடுங்கள்” என்றுதான் பொருள் என்பது அன்று தெரிந்தது. குற்றம் அவர்களுடையது அல்ல, கேட்ட என்னுடையது.

ரயில்வேயில் மற்ற இடங்களில் இந்தத் தவறு நடக்காமல் ஏற்பாடு உண்டு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்து ஸ்டேஷனுக்கு மணியடித்துச் சேதி சொன்னால், அங்கிருப்பவர் அதே மணியைத் திருப்பி அடிக்கவேண்டும். அடித்தால்தான் சேதி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. எஞ்சினில் இருக்கும் இருவரும் சிக்னலைப் பார்த்து ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அங்கே “தெரிந்ததா?” என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டில் கோட்டைவிட்டேன். என் மகள் 1998 முதல் நாலு ஆண்டுகள் தமிழ் வகுப்புக்குப் போனாள். சான்றிதழ் வாங்கினாள். செய்யுள் ஒப்புவிப்பதில் முதல் பரிசும் வாங்கினாள். அந்தச் செய்யுளை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தவன் நான்தான்! பிற்பாடு ஊரில் என் தாயார் காலமானபோது, பேத்திக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த இன்லண்டு கடிதம் ஒன்று பெட்டியில் கிடைத்தது. மகள் அதைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு வரியோடு, “அப்பா, நீங்களே படியுங்கள்” என்று நீட்டிவிட்டாள்.

ஆகவேதான் இப்போது சிலேட்டு வைத்திருக்கிறேன். 14 பிள்ளைகள், 14 சிலேட்டு. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். எல்லோரும் எழுதி, நான் சொன்னதும் ஒரே நேரத்தில் என் பக்கம் திருப்பவேண்டும். அடுத்தவனுடையதைப் பார்த்து எழுத வழியில்லை. தப்பாக எழுதியது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. முதல் நாள் “நான் பள்ளிக்குப் போனேன்” என்றேன். ஒன்பது பேர் பல்லிக்குப் போயிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் ல, ள வித்தியாசம் நடத்தி, “புரிந்தது தாத்தா” என்ற கோரஸையும் வாங்கியிருந்தேன்.

தப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சிலேட்டு காட்டிக்கொடுக்கிறது. ஒரு சிறுமி “நான் வந்தாள்” என்று எழுதினாள். அதற்கு முன்பானால் கவனக்குறைவு என்று திருத்திவிட்டு நகர்ந்திருப்பேன். யோசித்துப் பார்த்தால், இந்தியில் பெண் தன்னைப் பற்றிச் சொன்னாலும் வினைச்சொல் பெண்பாலாகிவிடுகிறதே! குழந்தை இந்தியில் நினைத்துத் தமிழில் எழுதுகிறாள். இன்னொரு பையன், “நாளை மாமா வந்தார்” சரியென்று சாதித்தான். இந்தியில் நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’. இவர்களுக்குப் பத்துத் தரம் எழுதும் தண்டனை எதற்கு? ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் யாருக்குத் தேவை என்பது முதலில் தெரியவேண்டும்.

இன்னொன்று, பொறுமை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன; வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு புத்தகம் முடியாது. பன்னிரண்டு பாடத்தில் எட்டு முடிந்தால் அதிகம். சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்புவித்தல் போட்டியில் மட்டும் ஒரு சிறு மாற்றம் கேட்கிறேன்: பிள்ளை சொல்லி முடித்ததும் நடுவர், நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து, “இதை உன் சொந்த வார்த்தையில் சொல்லு கண்ணு” என்று கேட்கட்டும். இந்தி எழுத்தில் எழுதிக் கொடுக்கும் அப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

வீட்டிலும், “இன்று எந்தப் பாடம்?” என்று கேட்பதை விட்டு, “எனக்குச் சொல்லிக் கொடேன்” என்று பிள்ளையிடம் கேளுங்கள். தடுமாறினால் எடுத்துக் கொடுக்காதீர்கள். எங்கே தடுமாறியது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே தொடங்குகிறேன். புதிதாக ஆறு பிள்ளைகள் சேர்ந்திருப்பதால் ஆறு சிலேட்டும் வேண்டும். வீட்டுப் பரணில் பழசு இருந்தாலும் சரி, சட்டம் உடைந்திருந்தால் நானே பழுதுபார்த்துக்கொள்கிறேன்.