மேம்பாலமா, சுரங்கமா, தெருவா? முடிவு செய்வது யார்?

சாலைச் சந்திப்பில் நெரிசல் என்றால் நம் ஊரில் உடனே வரும் பதில் மேம்பாலம். அதன் தூண்கள் யார் வீட்டு வாசலில் இறங்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல நேரம் வராமலே போகும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

நியூயார்க் மாநிலத்தில் உள்ள அந்த நகரத்தின் மையத்தில் ஐ-81, ஐ-690 என்ற இரு நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. 1950, 60களில் ஐ-81ஐத் தூண்கள் மேல் ஏற்றிக் கொண்டுவந்தபோது அது '15வது வார்டு' பகுதியைப் பிளந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுக்க மறுத்ததால் அங்கே ஒதுக்கப்பட்டவர்கள். 'நகரப் புதுப்பித்தல்' திட்டமும் நெடுஞ்சாலையும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றின. மிஞ்சியவர்கள் பாலத்தை ஒட்டியே, இரைச்சலிலும் புகையிலும் வாழ்ந்தார்கள். காலனிக்குள் புகுந்து போகும் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாலத்துக்கு வயதாகி, குறுகிய வளைவுகளில் விபத்தும் நெரிசலும் கூடியபோது மூன்று வழிகள் பேசப்பட்டன.

முதல் வழி, அதே இடத்தில் புதிய பாலம். இன்றைய தரத்தில் கட்டினால் அது இன்னும் அகலமாகும்; மேலும் பல கட்டடங்கள் இடிபடும். பழைய அநீதியைப் புது சிமென்டில் கட்டுவது அது.

இரண்டாவது வழி, சுரங்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செலவும் காலமும் மிக அதிகம். சுரங்கத்தின் வாய்கள் எங்கே திறக்கும் என்ற பிரச்சினையும் இருக்கிறது.

மூன்றாவது வழி, பாலத்தை இடித்துவிட்டுப் போக்குவரத்தைத் தரைமட்டத் தெருக்களில் பரப்புவது. நகரைக் கடந்து போகும் வண்டிகளை ஐ-481 என்ற சுற்றுச்சாலைக்குத் திருப்புவது. பாலத்தில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை நகரத்துக்கு வருபவை. கடந்து போகிறவை சிறு பங்குதான். நெரிசலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு யார் எங்கே போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததால்தான் இந்த வழி கண்ணில் பட்டது.

2022இல் மூன்றாவது வழிக்கு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு சுமார் 225 கோடி டாலர். 2023இல் வேலை தொடங்கியது. சுற்றுவட்டார வணிகர்களும் புறநகர்வாசிகளும் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. பயண நேரம் சில நிமிடம் கூடும் என்ற அவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால் ஒருவருக்குச் சில நிமிடம், இன்னொருவருக்கு அறுபது ஆண்டு என்றால் தராசு எந்தப் பக்கம் சாய வேண்டும்?

மூன்றாவது வழியையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவில்லை. அதன் முதல் வரைபடத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு மிக அருகில் போக்குவரத்து வட்டம் வந்தது. பெற்றோரும் உரிமை அமைப்புகளும் குரல் கொடுத்த பிறகுதான் அதைத் தள்ளி வைத்தார்கள். பாலம் போனபின் மீளும் நிலம் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. நிலத்தின் விலை ஏறினால் வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டாம் முறை துரத்தப்படுவார்கள். பாலத்தை இடிப்பது நீதியின் பாதிதான். மறுபாதி நிலத்தில் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன பாடம்? இங்கே தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3சி பிரிவு, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்கிறது. அறிவிப்பு நாளிதழில் வரும். நாள் கூலிக்குப் போகிற குடும்பம் அதைப் பார்ப்பதற்குள் 21 நாட்களும் ஓடிவிடும். பட்டா இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம்.

அதனால் தோழர்களே, உங்கள் ஊரில் ஒரு சந்திப்பை 'மேம்படுத்த' வரும்போது வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். சேரியின் எல்லையை அதில் வரைந்து பாருங்கள். எத்தனை வழிகள் ஆராயப்பட்டன, எவை ஏன் கைவிடப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பேருந்தில் போகிறவர்களும் நடந்து சாலையைக் கடக்கிறவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் நாளே ஆட்சேபணை எழுத ஊருக்குள் உட்காருங்கள். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று அதிகாரி சொன்னால், மற்ற வழிகளை யாரும் தேடவில்லை என்றே நாம் புரிந்துகொள்ள வேண்டும்.