கிட்டாரின் ஓசை முதுகில் இல்லை

அகூஸ்டிக் கிட்டார் வாங்கப் போகிறவரும் சரி, செய்யக் கற்கிறவரும் சரி, முதலில் விசாரிப்பது பின்பலகை ரோஸ்வுட்டா என்றுதான். பின்பலகையும் பக்கப்பலகையும் எந்த மரமோ அதுதான் ஓசை, அதிலும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு ஈடே கிடையாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. தச்சரின் கைக்குச் சேர வேண்டிய பெருமையை அது மரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

முதுகு மரமாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்குப் பழைய சான்றே உண்டு. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை வகுத்த ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ், 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

"வாசிக்கிறவன் காதுக்கு வித்தியாசம் தெரியும்" என்பார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்று முதுகும் பக்கங்களும் மட்டும் மாறும்படி ஆறு கிட்டார்களை ஒரே பட்டறையில் செய்து, மரம் எதுவென்று கண்ணுக்குத் தெரியாதபடி 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. விலையுயர்ந்த மரம் தனித்து நிற்கவில்லை.

ரோஸ்வுட் பலகையைத் தட்டினால் மணிபோல ஒலிக்கிறதே என்று கேட்கலாம். ஒலிக்கிறது, உண்மைதான். ஆனால் தட்டியது தனிப் பலகை. அதே பலகையைச் சுற்றிலும் ஒட்டி, குறுக்கே சட்டங்கள் வைத்து, வாசிப்பவர் வயிற்றோடு அணைத்துக்கொண்ட பிறகு அந்த மணியோசையில் பெரும்பகுதி அடங்கிவிடும். முதுகுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் கனமும் விறைப்பும் ஓசையைச் சிறிது மாற்றும். அந்தச் சிறிய மாற்றத்தை முழு ஓசையாக்கிப் பேசுவதைத்தான் மறுக்கிறேன்.

பெரிதும் சொல்லப்படும் சான்று, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் நிறுவனக் கிட்டார்கள். அவை பிரேசில் ரோஸ்வுட், அதனால் அந்த ஓசை என்கிறார்கள். அப்படியானால் அதே காலத்தில் மார்ட்டின் மகாகனி முதுகோடு செய்த டி-18 மாதிரியையும் ஏன் தேடி அலைகிறார்கள்? இரண்டுக்கும் பொதுவானது மேற்பலகையின் அடியில் இருக்கிறது. எக்ஸ் வடிவில் ஒட்டிய ஸ்ப்ரூஸ் சட்டங்களை உளியால் குடைந்து மெலிய வைத்திருந்தார்கள். 1944-இன் இறுதியில் மார்ட்டின் அதை நிறுத்தியது. 1976-இல் எச்டி-28 என்ற மாதிரி வழியாகக் குடைந்த சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, முதுகில் இருந்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி.

ஓசையை ஆள்வது மேற்பலகையும் அதன் அடிச் சட்டங்களும்தான். மேற்பலகையின் தடிமன் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப விறைப்பு மாறுவதால், 3 மில்லிமீட்டர் பலகையை 2.7-க்கு இழைத்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. உயரத்தில் இழைப்புளி ஒரு முறை கூடுதலாகப் போனால் என்ன ஆகும் என்று தச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலும் எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்கவும் வேண்டும், விரல் பட்டதும் அதிரவும் வேண்டும். பலகையை அறுக்கும்போதே அதன் ஆண்டு வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி பார்த்துக்கொள்வதும், வளைத்து வளைத்துப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று கை முடிவெடுப்பதும் இதற்காகவே. ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருக்காது. ஆகவே அளவுகோலை மட்டும் நம்பி இழைக்க முடியாது.

"வேறு மரம் போட்டால் மலிவான கிட்டார்" என்பது கடைசி வாதம். விலையுயர்ந்த முதுகு வைக்கும் பட்டறை, மேற்பலகைக்கும் சிறந்த ஸ்ப்ரூஸைத் தேர்ந்து, சட்டங்களையும் நிதானமாக இழைக்கிறது. ஓசை நன்றாக அமைந்ததும் புகழ் முதுகுக்குப் போகிறது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இருந்த கிராக்கியால் காட்டில் விழுந்த மரம் கொஞ்சநஞ்சமல்ல. 1992-இல் அதன் பன்னாட்டு வணிகத்தையே ஏறக்குறைய தடை செய்ய வேண்டியதாயிற்று. ரோஸ்வுட்டின் ரேகைக்கும் நிறத்துக்கும் ஆசைப்பட்டு ஒருவர் பணம் கொடுத்தால் அதில் தவறில்லை. ஓசைக்காகக் கொடுப்பதாக நினைத்தால், முதலில் ஓசைத்துளை வழியே ஒரு சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, மேற்பலகையின் அடிச் சட்டங்களைப் பாருங்கள்.