பழைய டிராக்டரில் ஒட்டி வரும் சின்னம்

எங்கள் பக்கம் பழைய டிராக்டர் வாங்கினால் மூன்று பேருடைய அடையாளமும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். மட்கார்டில் விற்ற டீலர் பேர். அதற்குக் கீழே பைனான்ஸ்காரர் ஸ்டிக்கர். பானெட்டின் நெற்றியில் பழைய ஓனருடைய சாதிச் சின்னம். முதல் இரண்டையும் வாங்கின வாரமே சுரண்டிவிடுவார்கள். மூன்றாவதில் கை வைக்க மட்டும் தயங்குவார்கள். அது சொந்தச் சாதியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், துடைத்துப் பொட்டு வைப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் உரிக்க வேண்டியதே அந்த மூன்றாவதைத்தான்.

டவுனில் இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனால் டிராக்டர் என்பது கார் மாதிரி வீட்டுக்கு மட்டும் ஓடுகிற வண்டி இல்லை. சொந்த நிலத்தை உழுதது போக, மணிக்கு இவ்வளவு என்று ஊருக்கெல்லாம் வாடகைக்கு ஓடினால்தான் தவணை கட்ட முடியும். டெல்டாவில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும். அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர் வண்டியைத் தேடி வரும்போது முதலில் பார்ப்பது பானெட்டைத்தான். "இந்த வண்டி நம்ம தெருவுக்கு வருமா?" என்று மனசுக்குள்ளேயே கேட்டு, மனசுக்குள்ளேயே பதிலும் சொல்லிக்கொண்டு போய்விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேறு வண்டி பிடிப்பதற்குள் நாற்று முற்றிப்போகும். வண்டிக்காரருக்கும் வாடகை போச்சு. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஸ்டிக்கரே எல்லாத்தையும் சொல்லிவிட்டது.

"பெருமைக்கு ஒட்டினது, யாரையும் திட்டலையே" என்பார்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கலர் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. சரியான பேச்சு. ஆனால் அந்தப் பையனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுகிற அப்பாவின் பைக்கில் அதே கலர் பட்டையாக ஓடுகிறதே! கயிறை அவிழ்க்கச் சொல்கிற நாம் வண்டியை விட்டுவிட்டால் பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

இது கிராமத்து வியாதி மட்டும் என்று நினைக்காதீங்க. சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024 மே மாதத்தில் 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தது எதற்கு? நான் யார் தெரியுமா என்று வண்டியை வைத்து அடுத்தவனிடம் சொல்கிற பழக்கம் அங்கேயும் இருப்பதால்தான். பொங்கலுக்கு ஊருக்கு வரும் கார்களின் பின் கண்ணாடியிலும் சாதிப் பட்டத்தைப் பார்க்கிறேன்.

என் டிராக்டரில் இருந்த சின்னத்தை எடுத்தபோது சொந்தக்காரர் ஒருத்தர் இரண்டு மாசம் பேசவில்லை. "வாடகை வண்டி மாமா, எல்லாத் தெருவுக்கும் போகுது" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

சரி, எடுக்கலாம் என்று முடிவு பண்ணிட்டீங்கன்னா, பெயிண்டைக் கெடுக்காமல் எடுக்கிற வழியைச் சொல்றேன்.

ஸ்டிக்கரை உரிக்கச் சூடு வேண்டும். சூட்டில் பசை இளகும். ஊரில் மத்தியான வெயிலே போதும், உங்களுக்கு ஹேர் டிரையர் இருக்கிறது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தமாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பசை தங்கிவிடும். பிளேடு, கத்தி, இரும்பு நார் மூன்றும் கிட்டவே வரக் கூடாது. சுரண்ட வேண்டுமென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.

மொத்தமான பிளாஸ்டிக் எழுத்து, சின்னம் என்றால் தூண்டில் நரம்பை அதன் பின்னால் கொடுத்து, ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்கள். வழியில் நரம்பு தட்டி நின்றால் உள்ளே ஆணியோ ஸ்க்ரூவோ இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடுங்காமல் உட்பக்கமாகக் கழற்றப் பாருங்கள். கழற்றின பிறகு ஓட்டையை அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும்.

மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராத இடத்துக்கு மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். இதை நிழலில், தகடு ஆறின பிறகு செய்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். தின்னர் வேண்டவே வேண்டாம். டிங்கரிங் பார்த்து மறுபெயிண்ட் அடித்த இடத்தில் தின்னர் பட்டால் பெயிண்டே துணியோடு வரும். அந்த மாதிரி இடத்தில் ஸ்டிக்கரை இழுக்கும்போதும் கூடுதல் நிதானம் வேண்டும்.

எல்லாம் போன பிறகும் சின்னத்தின் உருவம் தெரியும். அது பசை இல்லை. சுற்றியுள்ள பெயிண்ட் பல வருஷ வெயிலில் வெளுத்திருக்கும், ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் புதுசாகவே இருக்கும். சிவப்பு வண்டியில் இது பளிச்சென்று தெரியும். நிறைய பேர் அந்தத் தடத்தையே மறுபடி மறுபடி தேய்ப்பார்கள். அங்கே தேய்த்துப் பிரயோஜனமில்லை. சுற்றியிருக்கிற வெளுத்த இடம் முழுக்க ரப்பிங் காம்பவுண்டு போட்டு, மெல்லிய துணியால் பொறுமையாகத் தேய்த்து, வாக்ஸ் போட வேண்டும். ஒரு சாயங்காலம் போகும். ரொம்பப் பழைய வண்டியில் லேசாகத் தடம் தங்கத்தான் செய்யும், பரவாயில்லை. தடத்தை மறைக்க வேறொரு ஸ்டிக்கர் மட்டும் வாங்கி ஒட்டிடாதீங்க.