பெயரில்தான் சண்டை!

காற்றலையை நம்பிப் பிழைக்கும் எனக்கு, காற்றை விழுங்கி உயிர்வாழும் மீன்கள் மீது தனிப் பாசம். கடையில் சின்னப் போத்தலில் விற்கும் சயாம் சண்டை மீனைத்தான் சொல்கிறேன். அதற்கு நம் பினாங்கிலேயே ஓர் உறவுக்காரர் உண்டு, தெரியுமா?

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டேனிய மருத்துவர் தியோடர் கேண்டர், 1849-இல் பினாங்கு மீன் ஒன்றுக்கு ‘பக்னாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். லத்தீனில் அதற்குச் ‘சண்டைக்காரன்’ என்று பொருள். ஆனால், மலையோடைகளில் வாழும் இந்தச் சண்டைக்காரர் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாப்பவர். அப்பாமார்களே, கவனிக்க!

இந்த வகை மீன்களுக்குச் செவுளோடு, தலைக்குள் ‘லேபிரிந்த்’ என்ற மடிப்புறுப்பும் உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் போத்தலிலும் உயிர் நிற்கிறது. உயிர் நிற்பது வேறு, வாழ்வது வேறு!

பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் 20 லிட்டர் தொட்டி, வேகமில்லாத வடிகட்டி, குளோரின் நீக்கிய தண்ணீர், நீருக்கு மேல் கொஞ்சம் இடைவெளி, கட்டாயம் ஒரு மூடி. துள்ளிக் குதிப்பதில் கெட்டிக்காரர்கள்! இரண்டு சயாம் ஆண்களை ஒன்றாக விடாதீர்கள்.

அலுத்துப்போனால் ஓடையில் கொட்டாதீர்கள். கடை மீனின் நோய் நம் ஓடைக்காரருக்கும் ஒட்டலாம். வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.