மெல்லிய சமிக்ஞைப் பீக்கன் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

சென்ற செயற்குழு தன் பதவிக் காலத்தின் இறுதிக் கூட்டத்தில் பீக்கனை நிறுத்தும்படி நிறைவேற்றிய தீர்மானத்தையும், அதையொட்டிச் சங்க நிலையத்தின் விஸ்பர் (WSPR) என்னும் மெல்லிய சமிக்ஞைப் பீக்கன் பங்குனி மாத நடுவில் ஒரு மாலை ஆன்டெனாவிலிருந்து கழற்றப்பட்டதையும், அதன்பின் உறுப்பினரிடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும் இங்கே மறுபடி விவரிப்பது அநாவசியம். எவர் என்ன சொன்னார் என்பதை அனைவரும் அறிவர். சிலர் சொன்னதை மறந்துவிடுவதே நல்லது. புதிய செயற்குழு, முழு ஒருமனதுடன் அல்லாவிடினும் பெரும்பான்மையோர் சம்மதத்துடன், மெல்லிய சமிக்ஞைகளால் இயங்கும் பீக்கன் முறைகள் அமெச்சூர் வானொலிக்குப் பொதுவாகவும், காந்த நடுக்கோட்டின் அருகே வாழும் நமக்குச் சிறப்பாகவும் பிரயோஜனமுள்ளவை என்றும், நிலையத்தின் பீக்கன் மீண்டும் இயங்கவேண்டும் என்றும் கருதுகிறது.

தீர்மானத்தை ஆதரித்தோரின் முதல் ஆட்சேபணை, மனிதனோடு மனிதன் பேசாத இடத்தில் அமெச்சூர் வானொலி இல்லை என்பது. சம்பாஷணை இக்கலையின் உயிர் என்பதை நாங்களும் மறுக்கவில்லை. ஆயினும் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் அமெச்சூர் சேவைக்குக் கூறும் நோக்கங்கள் மூன்று: சுயபயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி. மூன்றில் ஒன்றை மட்டும் கைக்கொண்டு மற்ற இரண்டையும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் எந்தச் செயற்குழுவுக்கும் அளிக்கப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. விஸ்பர் முறையைக் கூட்டத்தில் "பொம்மை" என்று ஒருவர் அழைத்தார். இதை 2008-இல் வெளியிட்ட ஜோ டெய்லர், இரட்டைப் பல்சரை 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் கண்டறிந்து, அதற்காக 1993-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். கே1ஜேடி என்ற அழைப்புக்குறியுடைய நம்மைப் போன்ற ஒரு ஹாமும் ஆவார். இரைச்சலின் அடியில் புதைந்த துடிப்பைத் தேடிப் பழகியவர் செய்த பொம்மை அது என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறோம்.

அது செய்யும் காரியம் மிகச் சிறியது. அழைப்புக்குறி, இருப்பிடச் சதுரம், அனுப்பும் ஆற்றல் ஆகிய மூன்றையும் 50 பிட்டுகளில் அடக்கி, இரட்டைப்படை நிமிஷத்தில் தொடங்கி, 110.6 விநாடிகள், 6 ஹெர்ட்ஸ் அகலமே கொண்ட இழையாக அனுப்புகிறது. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலின் ஆற்றலில் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்கே இருந்தாலும், காதுக்கு ஒன்றுமே கேளாத நிலையிலும், அச்செய்தி பெரும்பாலும் மீட்கப்பட்டுவிடும். நமது பீக்கனின் ஆற்றல் 200 மில்லிவாட். ஒரு கைவிளக்கின் பல்புக்குக்கூட அது போதாது.

இனி, செயற்குழு மிக முக்கியமெனக் கருதும் விஷயத்துக்கு வருகிறோம். மனிதர் நடத்தும் தொடர்புகளின் குறிப்பேட்டில் வெற்றிகள் மட்டுமே பதிவாகின்றன. பாதை மூடியிருந்த நேரங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, ஏனெனில் மூடியிருக்கிறது என்று தோன்றியதும் இயக்குபவர் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். பத்து மீட்டர் அலைவரிசை செத்துக் கிடக்கிறது என்று நம்மிற் பலர் சொல்லும்போது, அங்கே எல்லோரும் செவிசாய்த்துக்கொண்டும் ஒருவரும் அனுப்பாமலும் இருந்ததே காரணமாயிருக்கலாம். இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும், யாரும் கேட்கிறாரா என்ற கவலையின்றி, தன் ஆற்றலை மாற்றாமலும் மறைக்காமலும் ஒரே இடத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு பீக்கன் மட்டுமே, இந்த மணியில் இந்தத் திசையில் பாதை இல்லை என்னும் சேதியை நம்பத்தக்க விதத்தில் தரவல்லது. அத்தகைய சேதி தொடர்ச்சியாக இருந்தால்தான் பிரமாணம். நடுவில் அறுந்தால், அறுந்த இடத்துக்கு இருபுறமும் உள்ளவையும் மதிப்பிழக்கின்றன.

அது நம் ஊரிலிருந்து வருவது ஏன் முக்கியம் என்பதை நிலையத்துக் கம்பியைக் கழற்றியவர்கள் சிந்தித்திருக்க வேண்டும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியைத் தொட்டுச் செல்கிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு அதுவே காரணம். கொடைக்கானலிலும் 1950-களிலேயே அயனமண்டலத்தை அளந்திருக்கிறார்கள். பகலில் இந்தக் கோட்டின்மேல் எழும் எலெக்ட்ரான்கள் இருபுறமும் வழிந்து தொலைவில் இறங்குகின்றன. சூரியன் மறைந்ததும் மேலடுக்கு திடீரென உயர்ந்து, குமிழிகளாக உடைந்து, சமிக்ஞைகளைச் சிதறடிக்கிறது. ஒன்றரை ஹெர்ட்ஸுக்கும் குறைந்த இடைவெளியில் தொனிகளை வைத்திருக்கும் விஸ்பர்கூட அப்போது தடுமாறும், அந்தத் தடுமாற்றமும் ஓர் அளவையே. இவை யாவும் உச்சமடைவது இரவும் பகலும் சமமாகும் பங்குனியிலும் புரட்டாசியிலும். ஆண்டில் எத்தனையோ மாதங்கள் இருக்க, பங்குனியைத் தேர்ந்து, அதிலும் மாலைப் பொழுதைத் தேர்ந்து கம்பியைக் கழற்றியதை அறியாமை என்பதா, அலட்சியம் என்பதா என்று செயற்குழுவால் முடிவுசெய்ய இயலவில்லை. (இவ்வாக்கியத்தை நீக்கவேண்டுமென்று இரு உறுப்பினர் கேட்டனர், நீக்கப்படவில்லை.)

1979-இல் ஒரே நிலையத்துடன் தொடங்கிய சர்வதேசப் பீக்கன் திட்டத்தில் இடம்பெற்ற நிலையங்கள் 18. மூன்று நிமிஷ வட்டத்தில் ஒவ்வொன்றும் பத்து விநாடி வீதம், 100 வாட்டில் தொடங்கி 0.1 வாட் வரை இறங்கும் நான்கு கோடுகளை அனுப்புவது அதன் முறை. அப்பட்டியலில் கொழும்பு இருக்கிறது, 4எஸ்7பி என்ற குறியுடன். இந்திய மண்ணில் ஒன்றுகூட இல்லை. இந்த வெற்றிடத்தை 200 மில்லிவாட்டால் ஓரளவேனும் நிரப்ப முயன்றதைத்தான் வீண்செலவு என்றார்கள்.

தொடர்ச்சியான பதிவு ஏன் வேண்டும் என்பதற்குக் கிரகணங்களும் சான்று. 2017 ஆகஸ்டு 21 அன்று அமெரிக்காவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது அமெச்சூர்களின் தானியங்கிப் பதிவுகள் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்குப் பொருளாயின. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியே கங்கண கிரகணம் கடந்தது. தமிழ்நாட்டில் அடுத்தது 2031 மே 21 அன்று மதுரை வழியே வருகிறது. கிரகண நாளில் என்ன மாறியது என்று சொல்ல, மாறாத நாட்களின் பதிவு வேண்டும். அதை அந்த வைகாசியில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது.

மற்ற ஆட்சேபணைகளுக்குச் சுருக்கமாகவே விடை கூறலாம். எஃப்டி8 (FT8) என்னும் டிஜிட்டல் தொடர்பு முறை இருக்க இது எதற்கு என்றால், எஃப்டி8 மனிதர் கூடும் இடத்துக்குப் போகிறது, ஆற்றலையும் தெரிவிப்பதில்லை. புயற்காலத்துக்கு உதவாது என்றால், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே விடியலுக்கு முன் எந்த மணியில் 7 மெகாஹெர்ட்ஸைக் கைவிட்டு 3.5-க்கு இறங்கவேண்டும் என்பதை முன்கூட்டி அறிவது உதவியே. மாடிவீட்டில் ஆன்டெனா கட்ட அனுமதியில்லாத மாணவருக்கு ஜன்னலோரக் கம்பியில் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது. காணாமற்போன எம்எச்370 விமானத்தைப் பழைய விஸ்பர் பதிவுகளால் கண்டுபிடிக்கலாம் என்ற வாதத்தைச் சங்கம் ஏற்கவில்லை, டெய்லரும் ஏற்கவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. ஒரே வளாகத்தில் இயங்கும் பீக்கன், பந்தய நாட்களில் பக்கத்து மேசையின் ரிசீவரைத் திணறடிக்கக்கூடும் என்பது உண்மை. தெரிவிக்கப்படும் ஆற்றல் தவறாயிருந்தால் பதிவு முழுவதும் தவறாகும் என்பதும் உண்மை. உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையின்றி எந்த அனுப்புங் கருவியும் இயங்கலாகாது என்பதில் இருதரப்புக்கும் பேதமில்லை.

ஆகவே, கூடுமானவரை அனைவருக்கும் ஏற்புடைய விதத்தில், செயற்குழு பின்வருமாறு முடிவுசெய்கிறது. பீக்கன் 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைக்கு மிகாமல், 200 மில்லிவாட்டில் மீண்டும் இயங்கும். அதன் ஆற்றல் மாதந்தோறும் அளக்கப்பட்டு நிலையக் குறிப்பேட்டில் எழுதப்படும். சங்கம் பங்குகொள்ளும் பந்தயங்களின் 48 மணி நேரத்தில் அது நிறுத்தப்படும், நிறுத்திய நேரமும் தொடங்கிய நேரமும் பதியப்படும். இதில் உடன்படாத மூவரின் மாறுபட்ட கருத்து நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. பங்குனியில் கழற்றப்பட்ட கோஆக்சியல் கேபிளும், அதனோடு காணாமற்போன இணைப்பு முனைகள் இரண்டும் யாரிடம் இருப்பினும், அடுத்த பொதுக்குழுவுக்கு முன் நிலையப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.