வரலாற்றுக்கு நாக்-அவுட் சுற்று எதற்கு?

"உலகை மாற்றியவர்களில் முதலிடம் யாருக்கு என்று மக்களே வாக்களித்துச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் என்ன பேச்சு?" தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் வரலாற்று மனிதர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, தோற்றவரைச் சுற்றுக்குச் சுற்று வெளியே அனுப்பி, கடைசியில் மிஞ்சியவருக்கு மகுடம் சூட்டும்போதெல்லாம் இந்தக் குரல் கேட்கிறது. நாலு நிபுணர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வதைவிட லட்சக்கணக்கானோர் வாக்களிப்பது மேல்தானே என்று கேட்பவர்களும் உண்டு. ஜனநாயகத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இதை மறுக்கப் பலரும் தயங்குகிறார்கள். தயங்காமல் மறுக்க வேண்டிய வாதம் இது.

நேருக்கு நேர் நிறுத்தினால்தான் யார் பெரியவர் என்று தெரியும் என்பதிலிருந்து தொடங்குவோம். 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஆளுமையைத் தேர்ந்தெடுக்க பிபிசி 2019-ல் 'ஐகான்ஸ்' என்ற தொடரை ஒளிபரப்பியது. மொத்தம் 28 பேர், ஏழு பிரிவுகள், பிரிவுக்கு நால்வர். பிரிவில் வென்ற ஒருவருக்கு மட்டுமே இறுதிச் சுற்றில் இடம். அறிவியல் பிரிவில் ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஆலன் டூரிங், மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி து யூயூ ஆகிய நால்வரும் ஒரே கூட்டில் அடைக்கப்பட்டார்கள். டூரிங் வென்றார், மற்ற மூவரும் வெளியேறினார்கள். இன்னொரு பிரிவிலிருந்து அண்டார்க்டிகா பயணி எர்னஸ்ட் ஷேக்கிள்டன் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அப்படியானால், அந்த நூற்றாண்டின் மீது ஷேக்கிள்டனுக்கு இருந்த பாதிப்பு ஐன்ஸ்டைனுக்கு இல்லையா? ஷேக்கிள்டனுக்கு வாக்களித்தவர்களே அப்படிச் சொல்ல மாட்டார்கள். யாரை யாருடன் நிறுத்துவது என்று அட்டவணை போட்டவர் பாதி முடிவை எழுதி முடித்த பிறகுதான் வாக்காளர் உள்ளே வருகிறார். இறுதிக்கு வந்த ஏழு பேரும் ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அட்டவணையை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. மோதல் என்ற எண்ணத்திலேயே பிழை இருக்கிறது. அதே தொடரில் போராளிகள் பிரிவில் மார்ட்டின் லூதர் கிங்கும் காந்தியும் எதிரெதிரே நின்றார்கள். கிங் வென்றார், காந்தி வெளியேறினார். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்த 1955-56 காலத்திலேயே கிங் காந்தியின் வழியைத் தன் வழியாக ஏற்றுக்கொண்டவர். 1959-ல் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு வாழ்ந்தவர்களைச் சந்தித்துத் திரும்பியவர். யாரிடமிருந்து பெற்றாரோ அவரையே தோற்கடித்து முன்னேறினார் என்று ஒரு முடிவு சொன்னால், அது பாதிப்பு என்பதையே தலைகீழாக்கிவிடுகிறது.

இன்னும் ஒரு படி பின்னால் போங்கள். காந்திக்குச் சத்தியாகிரகம் என்ற அந்த ஆயுதம் எங்கே கிடைத்தது? தென்னாப்பிரிக்காவில். அங்கே அவரோடு சிறை சென்றவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். சாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909-ல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் இறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை 1913-ல் பெண்களின் அணியோடு போய்ச் சிறைப்பட்டார். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல், 16 வயதில் இறந்தார். அந்தப் பெண்ணின் தியாகத்தைக் காந்தி தன் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக நூலில் பதிவு செய்திருக்கிறார். வள்ளியம்மையிடமிருந்து காந்திக்கும், காந்தியிடமிருந்து கிங்குக்கும் போன ஒன்று இருக்கிறது. பாதிப்பு என்று நான் சொல்வது அதைத்தான். எந்தத் தொலைக்காட்சியின் 28 பேர் பட்டியலிலும் வள்ளியம்மை வரப்போவதில்லை. வந்தாலும் முதல் சுற்றோடு வெளியேற்றிவிடுவார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. இத்தனை லட்சம் பேர் சொன்னால் தவறாகுமா என்கிறார்கள். 2002-ல் இதே பிபிசி '100 மாபெரும் பிரிட்டானியர்' வாக்கெடுப்பை நடத்தியது. சர்ச்சில் 4,56,498 வாக்குகளோடு முதலிடம் பெற்றார். பதிவான வாக்குகளில் அது 28 சதவீதம். பொறியாளர் இஸம்பார்டு கிங்டம் புரூனல் இரண்டாவது. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அவருக்காகத் தீவிரமாக வாக்குச் சேகரித்தார்கள். இறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த இளவரசி டயானா மூன்றாவது. டார்வினும் ஷேக்ஸ்பியரும் நியூட்டனும் அவருக்குப் பின்னால். அந்தப் பட்டியலில் டூரிங் 21-ஆவது இடத்தில் இருந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2019-ல், 'ஐகான்ஸ்' இறுதிச் சுற்றில் டூரிங் முதலிடம். சர்ச்சில் தன் பிரிவிலேயே மண்டேலாவிடம் தோற்று இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. இடையில் இருவரும் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. டூரிங் இறந்தது 1954-ல், சர்ச்சில் இறந்தது 1965-ல். மாறியவர்கள் உயிரோடிருந்தவர்கள். ஒருபாலுறவுக்காக 1952-ல் டூரிங்கைத் தண்டித்த பிரிட்டன், 2009-ல் பிரதமர் மூலம் மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரசி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். 2014-ல் அவரைப் பற்றிய திரைப்படம் வந்தது. 2019-ன் வாக்கு, ஒரு நாடு தன் பழைய கொடுமைக்காக வெட்கப்பட்டதன் அடையாளம். அந்த வெட்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை வைத்து 1940-களின் கணக்கைத் தீர்க்க முடியாது. டூரிங்கின் போர்க்காலப் புகழுக்குக் காரணமான ஜெர்மன் ரகசியக் குறியீட்டுக் கருவி எனிக்மாவின் ரகசியத்தை 1932-லேயே உடைத்தவர் போலந்துக் கணிதர் மரியன் ரெயெவ்ஸ்கி. 1939 ஜூலையில் போலந்துக்காரர்கள் தங்கள் வழிமுறைகளைப் பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கையளித்தார்கள். ரெயெவ்ஸ்கியின் பெயரை வாக்குச்சீட்டில் யாரும் பார்க்கவில்லை.

எண்ணிக்கையே தடுமாறியதும் உண்டு. நெதர்லாந்தில் 2004-ல் நடந்த இதே போன்ற வாக்கெடுப்பில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட அரசியல்வாதி பிம் ஃபோர்டைன் வென்றதாக அறிவித்தார்கள். நேரத்துக்குள் கணக்கில் சேராத வாக்குகளையும் சேர்த்தால் ஆரஞ்சு வில்லியமுக்கே அதிக வாக்கு என்று பிறகு தெரிந்தது. அறிவித்த முடிவு மாறவில்லை. ரஷ்யாவில் 2008-ல் நடந்த வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற அலெக்சாந்தர் நெவ்ஸ்கிக்கும் இரண்டாவதாக வந்த ஸ்டோலிபினுக்கும் இடையே 809 வாக்குகள்தான் வித்தியாசம். மூன்றாமிடத்தில் ஸ்டாலின், முதலிடத்துக்கு 5,504 வாக்குகள் பின்னால். இன்னும் ஒரு மாலை நேரம் தொலைபேசிகள் ஒலித்திருந்தால் ரஷ்ய வரலாற்றின் முகம் ஸ்டாலினுடையதாகியிருக்கலாம்.

இவை பாதிப்பைத்தான் அளக்கின்றன என்ற கூற்றும் நிற்காது. ஜெர்மனியில் 2003-ல் இதே போட்டியை நடத்தியவர்கள் ஹிட்லருக்கு வாக்களிக்கவே அனுமதிக்கவில்லை. அந்த முடிவு சரி. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியை அவரளவுக்குப் பாதித்தவர் யார்? இந்தியாவில் 2012-ல் நடந்த 'மாபெரும் இந்தியர்' தேர்வில் காந்தியைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவரோடு யாரும் போட்டியிட முடியாது என்பது காரணம். அம்பேத்கர் வென்றார், அப்துல் கலாம் இரண்டாமிடம். அம்பேத்கரின் இடம் அரசியல் சட்டத்திலும் கோடிக்கணக்கானோரின் வாழ்விலும் இருக்கிறது. அதற்கு இந்த வெற்றி தேவைப்படவில்லை. ஒருவரைக் கொடியவர் என்றும் இன்னொருவரை மிகப் பெரியவர் என்றும் வெளியே வைத்துவிட்டு நடத்தும் தேர்வுக்குப் பாதிப்பின் அளவுகோல் என்று பெயர் வைக்கக் கூடாது.

போர்ச்சுகலை நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. 2007-ல் அங்கே வென்றவர், 1932 முதல் 1968 வரை நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட சலாசர். 41 சதவீத வாக்கு. இரண்டாவது, அந்த ஆட்சி ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்த கம்யூனிஸ்ட் தலைவர் அல்வரோ குன்யால். மூன்றாவது, அரிஸ்டிடிஸ் டி சூசா மென்டெஸ். 1940-ல் பிரான்சின் போர்தோ நகரில் தூதரக அதிகாரியாக இருந்தவர். சலாசரின் உத்தரவை மீறி, நாஜிகளிடமிருந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானோருக்கு விசா எழுதிக் கொடுத்தார். அதற்காகப் பதவி பறிக்கப்பட்டு வறுமையில் இறந்தார். வதைத்தவரும் வதைக்கப்பட்டவர்களும் ஒரே மேடையில் நிற்க, பரிசு வதைத்தவருக்குப் போயிற்று. இந்த முடிவை 'மக்கள் தீர்ப்பு' என்று எந்த மனசாட்சியோடு சொல்வது?

வாக்கு யாரிடம் இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சர்ச்சிலின் முடிவுகள் பிரிட்டனோடு நிற்கவில்லை. 1943-ல் வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. தானியத்துக்குக் கப்பல் ஒதுக்கும்படி இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளை அவருடைய போர் அமைச்சரவை திரும்பத் திரும்ப மறுத்தது, குறைத்தது. ஒரு மனிதரின் பாதிப்பை மிகக் கொடுமையாக அனுபவித்தவர்களுக்கு 2002 வாக்கெடுப்பில் குரலே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வாதம் மிஞ்சுகிறது: இதனால் பிள்ளைகள் வரலாறு படிக்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. து யூயூ என்ற பெயரைப் பல பிரிட்டிஷ் வீடுகள் முதன்முதலாகக் கேட்டது 'ஐகான்ஸ்' தொடரில்தான் இருக்கும். ஆனால் வெளியேற்றப்பட்டவரைப் பற்றி அடுத்த வாரம் யாரும் பேசுவதில்லை. பேச்சைத் தொடங்கிவைப்பதே நோக்கம் என்றால், மகுடத்தை விட்டுவிட்டு விவாதத்தை மட்டும் நடத்தலாமே.

பள்ளியிலோ ஊடகத்திலோ இப்படி ஒரு போட்டி நடத்த நினைப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். பட்டியலைத் தயாரித்தது யார், எத்தனை பேர் வாக்களித்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வென்றவர் யாரிடமிருந்து கற்றார் என்பதையும் எழுதுங்கள். வாக்களிக்கும் வாசகர்களுக்கும் ஒன்று: முதல் சுற்றில் வெளியேறியவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி ஒரு புத்தகமாவது தேடிப் படியுங்கள். து யூயூவிலிருந்து தொடங்கலாம்.